விரலிடுக்கில் காப்பித்தூள்

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு வாசலில் போலீஸ் லோரி நிற்கிறது. அதில் காட்டில் சுடப்பட்ட மூன்று கம்யூனிஸ்டுகளின் உடல்கள். தார்ப்பாய்க்கு மேல் ஈக்கள். முகங்களைத் திருப்பித் திருப்பி அடையாளம் பார்த்த இன்ஸ்பெக்டர் சத்தியநாதன் கை கழுவாமலே சமையலறைக்குள் வருகிறார். தடுப்பு முகாமில் கிடக்கும் ராஃபேலை விடுவிக்கும் தாள் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை. ராஃபேலின் அக்கா ஜெனவீவ், கிராணியின் மனைவி, மடியில் இடுக்கிய பெட்டி மில்லில் காப்பிக்கொட்டை அரைக்கிறாள். ஈக்களின் ரீங்காரம் கேட்கக்கூடாதென்று வேகமாகச் சுற்றுகிறாள். அவர் குனிந்து மில்லின் இழுப்பறையைத் திறந்து, ஒரு சிட்டிகைத் தூளை விரலிடுக்கில் தேய்க்கிறார். நகக்கண்ணில் கருஞ்சிவப்பு உறைந்திருக்கிறது. "கரகரன்னு இருக்குக்கா. திருகாணிய இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. எங்க வீட்டுலயும் இதே மில்லுதான்லா." சிட்டிகையை இழுப்பறைக்குள்ளேயே உதறுகிறார். "வேற கொட்டை போட்டு அரைக்கட்டுமா சார்?" என்கிறாள் ஜெனவீவ். "எதுக்கு வீணாக்குறீங்க?" திருகாணியை இறுக்கி மறுபடி அரைத்த அதே தூளில் போட்டு, டின் பால் கலந்த காப்பி இரண்டு கோப்பைகளில் ஆவி பறக்கிறது. "தனியா குடிச்சுப் பழக்கமில்ல. நீங்களும் எடுங்க." தாளை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் மூச்சை அடக்கிக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள். "இப்ப நல்லா இருக்குல்ல?" "நல்லா இருக்கு சார்."