சிவப்பு நூல் கட்டிய தம்ளர்

காரைக்குடி கிளினிக்கின் மேற்கு ஜன்னல் வெயிலில், மெட்ராஸிலிருந்து வந்த மருத்துவ இதழை டாக்டர் நாகநாதன் விரித்து வைத்திருக்கிறார். எதிரே முகைதீன் பிச்சையும் அவர் மனைவி பாத்திமுத்துவும். அவள் கையில் பித்தளைத் தம்ளர். தனக்குக் காசநோய் என்று தெரிந்த நாளிலிருந்து போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. வேறு யாரும் எடுத்துவிடாமலிருக்க ஒரு சிவப்பு நூல் வேறு. டாக்டர் வரவழைத்த டீயையும் அதில்தான் வாங்கிக்கொண்டாள். நாகநாதனின் அக்கா வள்ளியிடமும் இப்படி ஒன்று இருந்தது. காசநோயாளிகளைத் தனியே வைக்கும் சானடோரியத்துக்கு ரயிலேறிய அன்று, பச்சைத் தாவணி காற்றில் படபடக்க, ஜன்னல் வழியே அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். தம்ளர் மட்டும் திரும்பி வந்தது.

"என்னைய எப்ப சானடோரியத்துக்கு அனுப்புறீக, டாக்டரய்யா?" பாத்திமுத்துவின் குரல் அழுது ஓய்ந்த குரல்.

"போக வேணாம்மா. வீட்டுலயே இருந்து விடாம மாத்திரை சாப்பிட்டாப் போதும். அங்க போனவுக மாதிரியே வீட்டுல இருந்தவுகளும் குணமாயிருக்காக. கூடவே இருந்த வீட்டாளுகளுக்கும் அதனால கூடுதலா நோய் ஒட்டலையாம். மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாக."

முகைதீன் பிச்சை, அவள் பாதி குடித்து வைத்த தம்ளரை எடுத்து, மிச்ச டீயைக் குடிக்கிறார்.

"ஐயோ, குடிக்காதீக!" அவள் கை பதறி நீள்கிறது.

நாகநாதன் தடுக்கவில்லை. அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், நூல்கூட அவிழ்க்காமல், ஒரு தம்ளர் கவிழ்ந்தே கிடக்கிறது. வள்ளிக்குப் பிறகு அதில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.