ஆறுகாணி ஏறும் வண்டி

"சின்னக் காரெல்லாம் அந்தப் பக்கம் நிக்கட்டும் தம்பி. நீ இந்தப் பிக்கப்புக்க சாவிய எடு."

சத்தியபாய் சொன்ன தோரணையில், விற்பனையாளன் நீட்டிய காபி பாதியிலேயே நின்றது. கோயம்புத்தூரிலிருந்து இந்த நாகர்கோவில் ஷோரூமுக்கு அவன் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அறுபது வயது அம்மாக்கள் மூவாயிரம் சிசி டர்போ பிக்கப் கேட்டு வருவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"யாரும்மா ஓட்டப்போறாங்க? பையனுங்களா?"

"ஒரு பையனும் இல்ல. இவதான்."

இவள் என்று காட்டப்பட்ட பிரிஜாவுக்கு முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, அதைத் தொடவில்லை. ஆசையை மறைக்கத் தெரியாத முகம்.

"டெய்லி ஓட்டறதுக்கு இது சரிப்படாதுங்க மேடம்" என்றான் அவன். "மைலேஜ் பத்துதான் வரும். மார்க்கெட்டுல நிறுத்த இடம் கிடைக்காது. அதோ, அந்தக் குட்டிக் காரைப் பாருங்க. லேடீஸுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

"அது ஆறுகாணி ஏத்தம் கேறுமா?" பிரிஜா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"எங்கீங்க?"

"அருமனைக்கு மேல. ரோடு பாதி, பாறை பாதி. பின்னால நாப்பது தேன்பெட்டி இருக்கும்."

ரப்பர் தோட்டங்களில் தேனீ வளர்ப்பது அவள் தொழில். ரப்பர் தளிர் விடும் மாதங்களில் பெட்டிகளை மலைக்கு ஏற்றியாக வேண்டும். போன மாசியில் வாடகைக்குப் பிடித்த வண்டி பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வாசல் அடைத்த பெட்டிகளுக்குள் வெயில் ஏறி, முப்பது பெட்டித் தேனீக்கள் செத்துப்போயின. மிச்சம் இருப்பது இந்த நாற்பதுதான். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவள் தொழிலுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

"இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமாம்மா?" பிரிஜா குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளை இல்லாத வீட்டுக்கு லாறி எதுக்குன்னு ஊர்ல கேப்பாவ."

"கேக்கட்டும். ஊருக்க வாயை அடைக்கவா நாம வந்தோம்? வண்டி வாங்கல்லா வந்தோம்! வாரநாளு தேன்பெட்டி, ஞாயித்துக்கெழம ஆராதனை, எடையில எனக்க மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி. எல்லாத்துக்கும் ஒரே வண்டி. ஏறி இரி மக்ளே."

ஓட்டிப் பார்க்கப் போனார்கள். முதல் திருப்பத்தில் பிரிஜா வண்டியை மெதுவாகவே ஒடித்தாள். ஓர் ஏற்றத்தில் முன்னால் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் காலை அழுத்த, வண்டி ஒரு உறுமலோடு அதைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் சத்தியபாய் "கர்த்தாவே" என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே "இன்னும் கொஞ்சம் மிதி" என்றாள். விற்பனையாளன் சீட் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டான்.

திரும்பி வந்து உட்காரவும் சத்தியபாயின் போன் அலறியது. ஐமோ அழைப்பில் துபாயிலிருந்து அனிஷ். காது மந்தம் என்பதால் அவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், ஷோரூமே கேட்டது.

"அம்மா, ரப்பர் மரத்தை முறிச்சு வித்தியாமே? அவளுக்கு லாறி வாங்கவா?"

"லாறி இல்லலே, பிக்கப்பு."

"அதுல எனக்கும் பங்கு உண்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ அங்க செய்ததெல்லாம் எங்கிட்ட கேட்டுட்டா செய்தே? மரம் எனக்க பேருல நின்னுது. எனக்க அப்பன் எனக்குத் தந்தது."

"அவ நாளைக்கு வண்டியையும் எடுத்துட்டு அவ பாட்டுக்குப் போவா. கடைசியில உன்னைப் பாக்க நாந்தான் வரணும், ஓர்மை வச்சுக்கோ."

"வராண்டாம். நீ பாத்த சீரு எனக்குத் தெரியும். போனை வையிலே!"

அண்ணன்மார் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலும் என்று நினைத்தான் விற்பனையாளன். தங்கைக்கு நகை எடுத்தபோது தானும் இப்படிக் குதித்தது ஞாபகம் வந்து, காகிதங்களை அடுக்குவது போலக் குனிந்துகொண்டான்.

பிரிஜாவின் கண் நிறைந்திருந்தது. "எனக்காண்டி இந்தச் சண்டை வேண்டாம்மா."

"நாலு வருசத்துக்கு முன்னமே போட்டிருக்கணும் மக்ளே. அப்பம் எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு. அந்த வெட்கம்தான் இந்நாள் வரைக்கும் என்னைத் தின்னுது."

பிரிஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இந்த வெள்ளை வேண்டாம். சிவப்பு உண்டுமா?"

"இருக்குங்க மேடம். ஆனா தூரத்துல வரும்போதே எல்லார் கண்ணுலயும் படும்."

"படட்டும். அதுக்குத்தான்."

சத்தியபாய் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவன் காப்பீட்டுப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினான்.

"நாமினி யாருங்க மேடம்?"

"சத்தியபாய்" என்றாள் பிரிஜா.

உறவுமுறைக்கான கட்டத்தில், கேட்காமலேயே 'அம்மா' என்று எழுதினான். சத்தியபாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அதை அடிச்சிட்டு மாமியார்னு எழுது தம்பி. இப்பம் போன்ல சாடினானே, அவன்தான் எனக்க மொவன். இவளை விட்டுட்டு அங்க வேற ஒருத்திய கெட்டினவன்."