முன்சீட்டுச் சூடு

முகைதீன் பாய் ஆம்னி வேனின் முன்சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இந்த வண்டிக்கு என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். நடுவில் ஒரு தகர மூடி. மூடியின் உட்புறம் சூடு தாங்கும் மெத்தை ஒன்று ஒட்டியிருக்கும். தங்கப்பாண்டியனின் வண்டியில் அது எப்போதோ பிய்ந்து உதிர்ந்துவிட்டது.

அந்த இடத்தில் தினசரி காலண்டர் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தான். எல்லாம் கரிந்து சுருண்டு கிடந்தன. ஒன்றில் மட்டும் முருகனின் வேல் பாதி தெரிந்தது.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவகாசிக்காரனுக்கு மேசைக்கால் ஆடினாலும் அட்டை, ஜன்னல் உடைந்தாலும் அட்டை, இப்போது என்ஜினுக்கும் அட்டையா என்று கேட்டார்.

தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை.

காலையிலிருந்து சிவகாசியிலும் திருத்தங்கலிலும் அவன் ஏறி இறங்காத கடை இல்லை. இந்த மாடலே நின்று போய்விட்டது, மெத்தைக்கு எங்கே போவது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். விருதுநகரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பாய்தான் கடைசி. இவரும் இல்லையென்று சொல்லிவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

சாயங்காலத்துக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவன் மனைவி செல்லக்கனியை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது இடுப்புக்குக் கீழே வெந்தவள் அவள். தொடையில், உடம்பின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் சூடு படவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் பொறுத்தால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம் என்றார் பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலை இன்றே காலி செய்யச் சொல்லிவிட்டார்களே.

பின்னால் உட்கார வை என்றார். காலண்டர் லோடு ஏற்றுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றி எறிந்து வருஷக்கணக்காகிவிட்டது. அங்கே வெறும் தகரம்தான்.

டாக்சி பிடித்துப் போகலாமே என்றார். செல்லக்கனி ஏற மாட்டாள். மருந்து வாடை தாங்காமல் டிரைவர் ஒருமுறை கண்ணாடியை இறக்கிவிட்டதற்கு அன்று முழுக்க அழுதவள் அவள்.

வேறு வழி தெரியாமல் தங்கப்பாண்டியன் பாயின் கையைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் கையை விடவே இல்லை.

 பாய் கடைக்குப் பின்னால் போய், உடைத்துப் போட்டிருந்த ஒரு மினி லாரியிலிருந்து மெத்தையைப் பிய்த்து வந்தார். அதை மூடியின் அளவுக்கு வெட்டி, மேலே தகடு வைத்துக் கம்பியால் முறுக்கினார். வேறு வண்டியின் சாமான், எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

அவன் முகம் இன்னும் தெளியாததைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"அட, எதுக்கு இம்புட்டுப் பயம்? சூடு ஏறுனா அவுகளே சொல்லப்போறாக. அங்கன அங்கன நிப்பாட்டி, ஆறவிட்டுப் போங்க."

தங்கப்பாண்டியன் கம்பியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.

மதுரையிலிருந்து செல்லக்கனியோடு திரும்பி வரும்போது, திருமங்கலம் தாண்டியதும் அவளிடம் கேட்டான், சீட் சுடுகிறதா என்று.

"சூடெல்லாம் ஒண்ணும் இல்ல. குளுகுளுன்னுதான் இருக்கு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

போன மாதம் முதல் தடவை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபோதும் இதையேதான் சொன்னாள். வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். வாசலில் கைத்தாங்கலாக இறக்கும்போதுதான் அவன் பார்த்தான். சேலை சீட்டின் ரெக்சினோடு ஒட்டியிருந்தது.

ஒட்டிய தோலுக்குச் சூடும் தெரியாது, வலியும் தெரியாது என்று, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் சொன்னார்கள்.

அவன் இடது கையை எடுத்து, அவள் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தான். கொஞ்சம் சூடேறினாலும் கை சொல்லிவிடும். கியர் மாற்றுவதற்கு மட்டும் எடுத்தான், மறுபடி நுழைத்துக்கொண்டான்.

செல்லக்கனி வெளியே வேடிக்கை பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். அவன் கை அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.