எச்சில் தேன்

அத்தை ஒரு கூடை செத்த தேனீக்களை வேளாண் அதிகாரியின் மேசையில் கொட்டினாள்.

"பூக்கிற நேரத்துல பூச்சிமருந்து அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போடுங்க சார். இல்லேன்னா மிச்சத் தேனீப்பெட்டியும் காலி."

"அந்த மருந்து ஒண்ணும் பண்ணாதும்மா. இதுங்க குளிர்ல செத்திருக்கும்" என்றவர், என் கையிலிருந்த தேன் பாட்டிலைப் பிடுங்கித் திறந்தார். விரலை விட்டு நக்கினார். நக்கிய விரலையே மறுபடியும் விட்டார்.

"அமிர்தம்! ஏது?"

"இதுங்க சேர்த்ததுதான் சார்." அத்தை மேசையைக் காட்டினாள்.

அவர் குப்பைக்கூடையில் துப்பினார். "அறிவிருக்கா? விஷத்தைக் கொண்டுவந்து நீட்டுறே!"

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் கத்தியதை வாசலில் நின்ற தேனீ வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வேறு வழியின்றிப் போட்டார்.

படியிறங்கும்போது கேட்டேன். "நிஜமாவே அந்தத் தேனா அத்தை?"

"ச்சீ! அதை தேனீ செத்த அன்னிக்கே குழிதோண்டிப் புதைச்சாச்சு. இது நல்ல பெட்டித் தேன். அந்தாளு விரலை விட்டுட்டான்ல, இப்ப இதையும் புதைக்கணும்."