எதிராளி

ஓட்டலில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அவன், உறை தொலைந்த பழைய ஜாஸ் இசைத்தட்டு ஒன்றோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் பிளாஸ்திரி.

“ஆர்கன் பொழியுது, கிட்டார் கொஞ்சுது. அடியில இந்த பேஸ்காரன் என்னமா நடக்குறான்! இவனை மிஞ்சாம விடமாட்டேன்.”

அன்று மனைவி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். “உங்க எதிராளியைப் பத்தி இசைத்தட்டுக் கடைக்காரர்கிட்ட விசாரிச்சிட்டேன். அதுல வாசிச்சது மூணே பேராம். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ்.”

“அப்போ பேஸ்?”

“ஆர்கனுக்குக் கீழ மிதிகட்டைங்க இருக்காம். ஆர்கன்காரரே அதை இடது காலால மிதிச்சு வாசிச்சாராம்.”

அவன் கிட்டாரை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

“இன்னும் எதுக்குங்க?”

“கைகிட்ட தோத்தாக்கூட விட்டுடலாம்டி. காலுகிட்ட தோத்துட்டு எந்த மூஞ்சியோட மேடையேறுவேன்?”