செத்த பேட்டரியின் கறுப்புத் தூள்

பள்ளிக்கூட ஆய்வகத்தில், சோதனைக் குழாய்க்குள் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு திரவம் தவித்துக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் நீட்டியிருந்த ஊதுபத்தியின் கங்கு அணையப் போகிறது. அதைப் பிழைக்க வைக்கும் ஆக்சிஜன் காற்று பெராக்சைடின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. வெளியே வருவேனா என்கிறது; நடுவில் ஒரு மேடு, அதைத் தாண்டப் பெராக்சைடுக்குப் பயம்.

"உன் ஆளுங்களை இன்னும் கூப்பிடேன்," என்றது ஊதுபத்தி, ஈனக் குரலில்.

புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் பெராக்சைடு வந்து சேர்ந்தது. கூட்டம்தான் கூடியதே தவிர, ஒருவருடைய மந்தமும் குறையவில்லை. யாரோ குழாயை வெந்நீரில் நிறுத்தினார்கள். உடம்பில் சூடு ஏறியதும் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது, குமிழிகள் எழுந்தன. ஆனாலும் போதவில்லை.

அப்போது, செத்துப்போன டார்ச் பேட்டரியிலிருந்து சுரண்டிய கறுப்புத் தூள் குழாயில் விழுந்தது.

"குப்பைக்குப் போக வேண்டியவன் நீ. உன்னால என்ன ஆகும்?" என்றது பெராக்சைடு.

"நீ தாண்டப் பயப்படுற மேட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறேன். தாண்ட வேண்டியது நீதான்."

பெராக்சைடு தாண்டியது. குழாய் நுரைத்துப் பொங்கியது. ஊதுபத்தி குப்பென்று பற்றிக்கொண்டது.

தண்ணீராக மாறிவிட்ட பெராக்சைடு நன்றி சொல்லக் கீழே பார்த்தது. தூள் ஒரு துளியும் குறையாமல் அடியில் கிடந்தது.

"என்னை அலசிக் காயவைக்கச் சொல்லு," என்றது தூள். "அடுத்த குழாய் காத்துக்கிட்டிருக்கு."