ஏழாம் இயந்திரத்தின் அப்பா

இருபத்தேழு படங்களுக்குத் திரைக்கதை எழுதிய திலகவதி, இப்போது வடபழனியில் பன்னிரண்டு இயந்திரங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அவை நொடியில் எழுதித் தள்ளின, எதிலும் உயிரில்லை. இந்த மாதமும் ஒன்றுகூடத் தேறாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். "பார்க்கிறவன் நம்பணும்டா!" என்று தினமும் கத்துவார்.

அன்று ஏழாம் இயந்திரம் வீட்டுப்பாடம் தரவில்லை.

"அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, மேடம்."

"உனக்கு ஏதுடா அப்பா?" என்று சிரித்தார் திலகவதி.

"பக்கத்து பெட்காரர் அப்பாவோட செருப்பைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அப்பா வெறுங்காலோட பாத்ரூம் போறார், மேடம்."

திலகவதியின் சிரிப்பு நின்றது. நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் செருப்புக் கடையிலிருந்து ஏழாம் இயந்திரத்துக்குப் போன் செய்தார்.

"அப்பாவுக்கு எத்தனாம் நம்பர்டா?"

"எட்டு, மேடம். விரல் மாட்டுறது வேண்டாம், அவருக்கு அங்க புண்ணு."

பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்கினார்.